மறு: கேரியர் லாக் – ‘சேவையாளர் பூட்டு’ எனலாமா?

> ‘சுமப்பிப் பூட்டு’, ‘சிம் பூட்டு’, ‘வலையமைப்புப் பூட்டு’ மூன்றும் வந்துள்ளன. எதை வைத்துக்கொள்வது?

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு சேவை நிறுவனம், தான் விற்கும் போனில் தன் சிம் மட்டுமே வேலை செய்யும்படி போடும் பூட்டுதான் கேரியர் லாக். இதற்கு ‘சுமப்பி’யை விட்டுவிடலாம். போனைப் பூட்டி விற்பது ஒரு சேவை நிறுவனம். அது எதையோ சுமக்கிறது என்று தமிழில் யாரும் நினைப்பதில்லை.

‘சிம் பூட்டு’க்குப் புழக்கத்தின் பலம் உண்டு. வெளிநாட்டுப் போனை எடுத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் “சிம் லாக்” என்றால் கடைக்காரருக்கு உடனே புரியும். ஆனால் ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் அதே பெயரில் இருப்பது, சிம்முக்கு நாமே போடும் பின் எண். இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான எண்ணை மூன்று முறை அடித்தால் சிம்மே முடங்கிவிடும். அதனால் மொழிபெயர்ப்பில் இதை எடுத்துக்கொள்ள எனக்குச் சம்மதமில்லை.

‘வலையமைப்புப் பூட்டு’ பிழையில்லை, ஆனால் குறுகியது. மொபைல் வலையமைப்புகளுக்கான 3ஜிபிபி தரநிலை இந்தப் பூட்டை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. வலையமைப்பு அதில் ஒன்று, சேவை வழங்குநர் இன்னொன்று. பிறருடைய கோபுரங்களை வாடகைக்கு எடுத்து நடத்தும் நிறுவனங்கள் இருப்பதால் இந்த வேறுபாடு தேவைப்படுகிறது. பொதுப் பயனருக்கு முக்கியம், போனை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான். ஆகவே ‘சேவையாளர் பூட்டு’ என முன்மொழிகிறேன். 2017இல் வந்த ஜியோபோன் ஜியோ சிம்மை மட்டும் ஏற்றதையும் இச்சொல்லால் சொல்லிவிடலாம்.

அன்லாக்குக்குப் ‘பூட்டு நீக்கம்’. ‘திறத்தல்’ என்றால் திரைப் பூட்டு நினைவுக்கு வரும். திரையைத் திறந்தால் மறுபடி பூட்டிக்கொள்ளும், இதுவோ ஒருமுறை நீக்கினால் போயிற்று. ‘பூட்டு உடைப்பு’ என்று எழுதுவதைக் கண்டிப்பாகத் தவிர்ப்போம், அதில் திருட்டு வாடை இருக்கிறது. தன் போனின் பூட்டை நீக்கும் உரிமைக்காக அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெள்ளை மாளிகைக்கு மனு அனுப்பினார்கள். 2014 ஆகஸ்டில் சட்டமே வந்தது. கனடாவில் 2017 டிசம்பர் முதல் போனைப் பூட்டி விற்கவே கூடாது. அப்படிப் பூட்டாமலே விற்கப்படுவது ‘பூட்டில்லாப் போன்’, பிறகு விடுவிக்கப்பட்டது ‘பூட்டு நீக்கிய போன்’. இரண்டும் வேண்டும்.

பூட்டே இல்லாத தடைகளையும் பூட்டு என்று எழுதிவிடக் கூடாது. 2011இல் அமெரிக்காவின் வெரைசன் நிறுவனம் விற்ற ஐபோன் 4இல் சிம் செருகவே இடமில்லை, அது சிடிஎம்ஏ என்ற வேறு வகை வலையமைப்புக்கான கருவி. அங்கே நீக்குவதற்கு ஒன்றுமில்லை. இருப்பது ‘வலையமைப்புப் பொருந்தாமை’. 2022 பிப்ரவரியில் இன்னொரு அமெரிக்க நிறுவனமான ஏடி அண்ட் டி 3ஜியை நிறுத்தியபோது வேறொரு சிக்கல்: பூட்டில்லாத, 4ஜி வசதியுள்ள போன்கள்கூட அந்நிறுவனத்தின் பட்டியலில் இல்லாவிட்டால் அழைப்புக்கு உதவவில்லை. அந்தப் பட்டியலுக்கு ‘ஏற்புப் பட்டியல்’ எனலாமா? ‘அனுமதிப் பட்டியல்’ மின்னஞ்சல் வடிகட்டிக்கு ஏற்கெனவே போய்விட்டதால் கேட்கிறேன்.

மறுப்பு வராவிட்டால் ‘சேவையாளர் பூட்டு’, ‘பூட்டு நீக்கம்’ இரண்டையும் இந்த வாரமே சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்