கார்பன் ஃபைபர் ரைஃபிள் ஸ்டாக்: அச்சை விட்டு வர மறுக்கிறது

கேள்வி: 10 மீட்டர் ஏர் ரைஃபிளின் மர ஸ்டாக்கை (கையில் பிடித்துத் தோளில் சாய்க்கும் உடற்பகுதி) மாதிரியாக வைத்து, இரண்டு பாதியாக ஃபைபர்கிளாஸ் அச்சு எடுத்திருக்கிறேன். 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) ட்வில் (சாய்கோட்டு நெசவு) கார்பன் துணி, எபாக்ஸி பிசின். பிடியருகே அச்சோடு ஒட்டிக்கொள்கிறது, மேற்பரப்பெல்லாம் ஊசித்துளை. எத்தனை அடுக்கு வேண்டும்?

பதில் 1: முதலில் பிரிகோட்டை, அதாவது அச்சின் இரு பாதியும் சேரும் கோட்டை, பாருங்கள். அது பிடியின் மிக அகலமான இடம் வழியே போகாவிட்டால் உள்வளைவு பூட்டிக்கொள்ளும்; எவ்வளவு மெழுகு பூசினாலும் வராது. கோடு சரி என்றால், புது அச்சுக்கு மெழுகு ஐந்தாறு பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு மணி நேரம், அதன்மேல் மெல்லியதாக பிவிஏ (ஒட்டாமல் பிரிய உதவும் படலத் திரவம்).

பதில் 2: ஊசித்துளை, துணிக்கடியில் சிக்கும் காற்று. எபாக்ஸியை மட்டும் முதலில் தடவி, பிசுபிசுத்தாலும் விரலோடு வராத பதத்தில் துணியைப் பதியுங்கள். பொதுவாக நான்கு அடுக்கு, பிடியில் ஆறு. நடு அடுக்குகளை 45 டிகிரி திருப்பினால் முறுக்கம் தாங்கும். ஹார்டனரை (எபாக்ஸியை இறுக வைக்கும் திரவம்) கண்ணளவில் ஊற்றவே கூடாது, தராசு வேண்டும்.

பதில் 3: ஆக்‌ஷன் திருகு (சுடும் பொறியை ஸ்டாக்கோடு இறுக்குவது) இறங்கும் இடத்தில், ஸ்டாக்கினுள் நிரப்பும் நுரை நசுங்கி, குறி மாறிக்கொண்டே இருக்கும். அங்கே அலுமினியக் குழாய்த் துண்டு வையுங்கள். கார்பனை நேராகத் தொட்டால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கும். இடையில் ஓர் அடுக்கு கண்ணாடித் துணி. தேய்ப்பது தண்ணீரோடு மட்டும், முகக்கவசத்தோடு.