எம்எல்ஏ இறந்து ஆறு மாசம் ஆச்சு, வால்பாறைக்கு ஏன் இடைத்தேர்தல் வைக்கல?

எஸ்டேட்_வாசி:
வணக்கங்க. எங்க எம்எல்ஏ அமுல் கந்தசாமி 2025 ஜூன் 21 காலமானாரு. இப்ப 2025 டிசம்பர் கடைசி, தொகுதி காலியாவே கிடக்கு. ஆறு மாசத்துக்குள்ள இடைத்தேர்தல் வைக்கணும்னு தானே எல்லாரும் சொல்றாங்க? விக்கிரவாண்டில புகழேந்தி 2024 ஏப்ரல்ல இறந்தாரு, ஜூலை 10 ஓட்டுப்பதிவே முடிஞ்சிது. ஈரோடு கிழக்குல இளங்கோவன் 2024 டிசம்பர் 14 இறந்தாரு, 2025 பிப்ரவரி 5 தேர்தல். எங்களுக்கு மட்டும் ஏன் இல்ல? இங்க பிரச்சனைக்கா குறைச்சல், அவரு இறந்த அதே வாரம் தான் எஸ்டேட்ல ஒரு சின்னப் புள்ளைய சிறுத்தை தூக்கிட்டுப் போச்சு, அதைப் பத்தி எங்க தொகுதிக்காக சட்டசபைல எந்திரிச்சுப் பேச ஒரு ஆள் இல்ல. மலை மேல இருக்கோம்னு விட்டுட்டாங்களான்னு தான் தோணுது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கருப்பு_கவுன்:
மலைன்னு ஒதுக்கலைங்க, சட்டமே அப்படித்தான் இருக்கு. 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்துல 151ஏ பிரிவுன்னு ஒண்ணு, 1996ல சேர்த்தது. காலியான நாள்லேர்ந்து ஆறு மாசத்துக்குள்ள இடைத்தேர்தல் நடத்தணும்னு சொல்றது அது தான். ஆனா அதுலயே ரெண்டு விலக்கு இருக்கு. மீதி பதவிக்காலம் ஒரு வருஷத்துக்குக் கீழ இருந்தா அந்த ஆறு மாசக் கெடு பொருந்தாது. ரெண்டாவது, அந்த கெடுவுக்குள்ள நடத்துறது கஷ்டம்னு தேர்தல் கமிஷன் மத்திய அரசோட கலந்து பேசி சான்று குடுத்தாலும் நடத்த வேண்டியதில்ல. இந்த சட்டசபை 2021 மே 11 முதல்ல கூடுனது, அதனால 2026 மே 10 வரைக்கும் தான் ஆயுசு. ஜூன் 21ல இருந்து கணக்கு பண்ணா பதினோரு மாசம் கூட வரல. நீங்க முதல் விலக்குல வந்துட்டீங்க, இனிமே பொதுத்தேர்தல் தான்.

ரெண்டாவது விலக்கும் நம்ம ஊர்ல நடந்திருக்கு. 2020 பிப்ரவரி கடைசில திருவொற்றியூர் கே.பி.பி.சாமி, குடியாத்தம் காத்தவராயன் அடுத்தடுத்த நாள் இறந்தாங்க. அப்போ ஒரு வருஷத்துக்கு மேல பாக்கி இருந்துச்சு. கொரோனா வந்துச்சு, தேர்தல் வைக்கல, 2021 வரைக்கும் ரெண்டு தொகுதியும் காலி தான்.

ஈரோட்டு_அக்கா:
தம்பி, இடைத்தேர்தல் வந்தா எல்லாம் சரியாயிடும்னு நெனைக்காதீங்க, நாங்க ரெண்டு பாத்துட்டோம். 2021ல ஜெயிச்ச திருமகன் ஈவெரா 2023 ஜனவரி 4 திடீர்னு தவறிட்டாரு, அப்புறம் அவரோட அப்பா இளங்கோவன் நின்னு 66,233 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சாரு, அவரும் போயிட்டாரு, மறுபடி 2025 பிப்ரவரில ஓட்டு. நாலு வருஷத்துல ஒரே தொகுதிக்கு மூணு தடவை மை வெச்சுக்கிட்டோம். 2023ல மந்திரிங்க எல்லாம் இங்கயே தெருத்தெருவா டேரா போட்டாங்க, வாக்காளர்களை பந்தல் போட்டு காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் உக்கார வெச்சிருக்காங்கன்னு எதிர்க்கட்சி புகார் மேல புகார் சொன்னாங்க, எங்க தெருவுல பறை சத்தத்துல பரீட்சைக்கு படிக்கிற புள்ளைங்க பாடு பெரும்பாடு. 2025ல அதிமுகவும் பிஜேபியும் போட்டியே இல்லன்னு ஒதுங்கிட்டாங்க, சந்திரகுமார் 91,558 வித்தியாசத்துல ஜெயிச்சாரு. ஜெயிச்சவரை குறை சொல்ல முடியாதுங்க, ஆனா பதினஞ்சு மாசத்துல ஒரு எம்எல்ஏ என்ன தான் பண்ணிட முடியும்? ஆளுங்கட்சி தான் ஜெயிக்கும்னு எல்லாருக்கும் முன்னாடியே தெரியுற தேர்தல்ல மக்களுக்கு என்ன மரியாதை இருக்குன்னு எனக்கு உண்மையாவே வருத்தம்.

வடசென்னை_பையன்:
அக்கா சொல்ற வருத்தம் புரியுது, ஆனா ஆளுங்கட்சி தான் எப்பவும் ஜெயிக்கும்னு எழுதி வெச்சிடாதீங்க. எங்க ஆர்.கே.நகர்ல 2017 டிசம்பர் 21 என்ன ஆச்சு? ஆளுங்கட்சி இரட்டை இலையோட நின்னாங்க, குக்கர் சின்னத்துல சுயேச்சையா நின்ன தினகரன் 40,707 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சாரு, திமுகவுக்கு டெபாசிட்டே போச்சு. பணம் போச்சுன்னு பேச்சு எல்லா பக்கமும் இருந்துச்சு, அதை மறைக்கல, அதே வருஷம் ஏப்ரல் 12 நடக்க வேண்டிய தேர்தலை பணப்பட்டுவாடான்னு சொல்லித்தான் கமிஷன் ரத்து பண்ணாங்க. அதனால ஜெயலலிதா மேடம் இறந்ததுலேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல நாங்களும் எம்எல்ஏ இல்லாம இருந்தோம்.

அதை விட மோசம் அந்த 18 தொகுதி. 2017 செப்டம்பர் 18 தினகரன் பக்கம் நின்ன 18 எம்எல்ஏக்களை சபாநாயகர் தகுதிநீக்கம் பண்ணாரு, கேஸு ஹைகோர்ட்ல இழுத்துக்கிட்டே போச்சு, ரெண்டு ஜட்ஜும் வேற வேற தீர்ப்பு சொல்லி மூணாவது ஜட்ஜுகிட்ட போயி, கடைசில 2019 ஏப்ரல் 18 தான் ஓட்டு போட்டாங்க. ஒன்றரை வருஷத்துக்கு மேல 18 தொகுதி மக்களுக்கு சட்டசபைல ஆள் இல்ல, நம்பிக்கை வாக்கெடுப்பு மாதிரி ஒண்ணு வந்திருந்தா அவங்க சார்பா யாரு கை தூக்கியிருப்பா? தேர்தல் கூத்தா இருக்குங்கறதுக்காக தேர்தலே வேணாம்னு போயிடக் கூடாதுக்கா.

கருப்பு_கவுன்:
தம்பி சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. புனே எம்பி கிரிஷ் பாபட் 2023 மார்ச் 29 இறந்தாரு. மக்களவை 2024 ஜூன் வரைக்கும், அதாவது ஒரு வருஷத்துக்கு மேல பாக்கி. ஆனா பொதுத்தேர்தல் வேலை இருக்கு, ஜெயிக்கிறவருக்கு கொஞ்ச நாள் தான் கிடைக்கும்னு கமிஷன் நடத்தல. ஒரு வாக்காளர் கேஸ் போட்டாரு, 2023 டிசம்பர்ல பம்பாய் ஹைகோர்ட் உடனே நடத்துங்கன்னு உத்தரவு போட்டுச்சு, ஜனவரில சுப்ரீம் கோர்ட் அதுக்கு தடை குடுத்துடுச்சு. புனேக்கு கடைசி வரைக்கும் எம்பி இல்ல. என்னோட கருத்து, அந்த ஒரு வருஷ விலக்கு ரொம்ப தாராளம், ஆறு மாசமா குறைக்கணும். அஞ்சு வருஷத்துல அஞ்சுல ஒரு பங்கு ஒரு தொகுதி ஊமையா இருக்கலாம்னு சட்டமே சொன்னா அது சரியில்ல.

எஸ்டேட்_வாசி:
இப்ப தெளிவா புரிஞ்சுது, நன்றிங்க. ஆனா ஆறாத கோபம் இருக்கு. அதுவரைக்கும் மனு யாருகிட்ட குடுக்கறது?

ஈரோட்டு_அக்கா:
வால்பாறை பொள்ளாச்சி எம்பி தொகுதில தானே வருது, எம்பி ஆபீஸ்ல எழுத்துல குடுத்து ரசீது வாங்குங்க. திங்கக்கிழமை கலெக்டர் மனுநாள் கோயமுத்தூர்ல, அவ்ளோ தூரம் மலை இறங்கி வர கஷ்டம்னா நாலு லைன் வீட்டுக்காரங்க சேர்ந்து ஒரே மனுவா ஒருத்தர் கைல குடுத்து விடுங்க. அப்புறம் முக்கியமா, 2025 டிசம்பர் 19 வரைவு வாக்காளர் பட்டியல் வந்துடுச்சு, தமிழ்நாடு முழுக்க 97 லட்சம் பேரு நீக்கியிருக்காங்க. எஸ்டேட் விட்டு எஸ்டேட் மாறுனவங்க பேரெல்லாம் இருக்கான்னு பூத் அலுவலர்கிட்ட கேட்டுப் பாருங்க தம்பி, இல்லைன்னா பேரு சேர்க்கற படிவம் 6 இப்பவே எழுதிக் குடுத்துடுங்க.