ஆர்ம் பலகையில் மட்டும் எப்போதாவது பழைய அளவீடு பதிவாகிறது: இரண்டு த்ரெட், ஒரு வட்ட வரிசை. உதவி தேவை

அதிர்வுமானி எழுதியது:

வணக்கம். மூன்று வாரமாக ஒரே பிழையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மோட்டார்களின் அதிர்வை அளக்கும் சென்சார்களிலிருந்து தரவு சேகரிக்க, சி மொழியில் ஒரு நிரல் எழுதினேன். ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியே ஓடும் இழை) சென்சாரைப் படித்து 256 கட்டங்கள் கொண்ட வட்ட வரிசையில் போடும். இன்னொரு த்ரெட் அதை எடுத்துக் கோப்பில் எழுதும். போடுவதற்கு ஒன்று, எடுப்பதற்கு ஒன்று என்று இருப்பதால் பூட்டு (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் ஏற்பாடு) எதுவும் வைக்கவில்லை. முதலில் அளவீட்டைக் கட்டத்தில் எழுதுகிறேன், பிறகுதான் 'தலை' என்ற எண்ணை (அடுத்து எழுத வேண்டிய கட்டத்தைச் சுட்டுவது) கூட்டுகிறேன். எடுக்கும் த்ரெட், தலை நகர்ந்திருப்பதைப் பார்த்த பிறகே கட்டத்தைப் படிக்கிறது. தலை, வால் (அடுத்து எடுக்க வேண்டிய கட்டத்தைச் சுட்டும் எண்) இரண்டையும் வோலட்டைல் (ஒவ்வொரு முறையும் நினைவகத்தையே தொடும்படி கம்பைலருக்குச் சொல்லும் குறி) என்று அறிவித்திருக்கிறேன்.

எக்ஸ்86 (இன்டெல் வகைச் செயலி) கணினியில் இது இரண்டு ஆண்டுகளாகச் சிறு குறையும் இல்லாமல் ஓடியது. செலவைக் குறைக்க நான்கு கோர் (தனித்தனியே இயங்கும் செயலி அலகு) கொண்ட ஒரு ஆர்ம் (கைபேசிகளில் வரும் செயலி வகை) பலகைக்கு மாற்றினேன். இப்போது நாளுக்கு ஓரிரு முறை தவறான அளவீடு பதிவாகிறது. குப்பை எண் இல்லை, உண்மையான அளவீடுதான். ஆனால் சரியாக 256 அளவீடுகளுக்கு முன்பு வந்தது!

நினைவகச் சோதனை செய்துவிட்டேன், குறை இல்லை. நடப்பதைப் பார்க்க ஓர் அச்சிடும் வரியைச் சேர்த்தால் பிழை மறைந்துவிடுகிறது. எடுத்துவிட்டால் திரும்பி வருகிறது. எங்கே தேடுவது?

கல்லணை எழுதியது:

பூட்டு ஒன்றைப் போட்டுவிட்டால் தீர்ந்துவிடும். காரணம் தெரிந்தே ஆகவேண்டும் என்றால், மொசில்லாவில் உருவான ஆர்ஆர் கருவியில் ஓட்டத்தைப் பதிவு செய்யுங்கள். பிழை வந்த ஓட்டத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் அதேபோல் திருப்பி ஓட்டிப் பார்க்கலாம்.

பழைய பொறியாளர் எழுதியது:

கல்லணை சொன்ன பூட்டு சரியான தீர்வுதான். ஆனால் ஆர்ஆர் இந்தப் பிழைக்கு உதவாது. அது எல்லா த்ரெட்டுகளையும் ஒரே கோரில் மாற்றி மாற்றித்தான் ஓட்டும். உங்கள் பிழை, இரண்டு கோர்கள் ஒரே நேரத்தில் ஓடினால்தான் பிறக்கும் வகை என்று நினைக்கிறேன்.

அந்த 256 என்ற எண்தான் தடயம். வரிசை ஒரு சுற்று வந்து அதே கட்டத்துக்குத் திரும்ப 256 அளவீடு ஆகும். ஆக, தலை நகர்ந்த செய்தி எடுப்பவருக்கு வந்துவிட்டது, கட்டத்தில் எழுதிய புது அளவீடு இன்னும் வந்து சேரவில்லை. அவர் படித்தது போன சுற்றின் மிச்சம்.

எக்ஸ்86-இல் ஒரு கோர் எழுதியவை மற்றக் கோர்களுக்கு எழுதிய வரிசையிலேயே தெரியும். ஆர்மில் அந்த வாக்குறுதி கிடையாது. கட்டம் இருக்கும் கேஷ் வரி (கோரின் அருகே வைக்கப்படும் நினைவகத் துண்டின் நகல்) அடுத்த கோரிடம் இருந்தால் அது வரும்வரை முதல் எழுத்து (கட்டத்தில் எழுதும் செயல்) காத்திருக்கும். தலை இருக்கும் வரி கைவசம் இருந்தால் இரண்டாவது எழுத்து முந்திக்கொண்டு வெளியே போய்விடும். இது சிப்பின் பழுது அல்ல. அதன் விதிமுறையே இதை அனுமதிக்கிறது.

இரண்டு காரியம் செய்யுங்கள். கம்பைலர் (நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் கருவி) தந்த அசெம்பிளியில் (அந்தக் கட்டளைப் பட்டியலில்) இரண்டு எழுத்தும் எந்த வரிசையில் இருக்கின்றன என்று பாருங்கள். கட்டம் வோலட்டைல் அல்லாததால் கம்பைலரே இடம் மாற்றியிருக்கவும் வாய்ப்புண்டு. பிறகு டாஸ்க்செட் என்ற லினக்ஸ் கட்டளை கொண்டு இரண்டு த்ரெட்டையும் ஒரே கோரில் கட்டிப்போட்டு ஓட்டுங்கள்.

அதிர்வுமானி எழுதியது:

மிக்க நன்றி ஐயா. அசெம்பிளியில் வரிசை சரியாகவே இருக்கிறது. ஒரே கோரில் மூன்று நாள் ஓட்டினேன், ஒரு பிழையும் இல்லை. தலையை அட்டாமிக் (பிற த்ரெட்டுகள் குறுக்கே வராமல் ஒரே செயலாக நடப்பது) ஆக்கி, போடும் பக்கத்தில் 'ரிலீஸ்' முறையில் (முன்பு எழுதியவை தெரிந்த பிறகே இது தெரியும்) எழுதி, நான்கு கோரிலும் ஓட்டினேன். நாளுக்கு இரண்டு என்பது வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. ஆனால் முற்றிலும் போகவில்லை. எடுக்கும் பக்கத்தில் தலையைப் பார்த்து, 'நகர்ந்திருந்தால்' என்று நிபந்தனை வைத்த பிறகுதானே கட்டத்தைப் படிக்கிறேன்? அங்கே என்ன தவறு நடக்க முடியும்?

பழைய பொறியாளர் எழுதியது:

பாதிக் கதவைத்தான் சாத்தியிருக்கிறீர்கள் தம்பி. இந்த இடத்தில் அனுபவசாலிகளே வழுக்குகிறார்கள், ஆகவே விரிவாகச் சொல்கிறேன்.

நிபந்தனையின் விடை தெரியும்வரை செயலி சும்மா நிற்காது. 'அநேகமாக நகர்ந்திருக்கும்' என்று ஊகித்து, கட்டத்தை முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் கட்டத்தில் இருப்பது பழையது. அதன் பிறகு தலையின் மதிப்பு வருகிறது, உண்மையிலேயே நகர்ந்திருக்கிறது. ஊகம் பலித்துவிட்டதால் முன்பே படித்ததை அப்படியே பயன்படுத்திக்கொள்கிறது. ஆர்ம் விதிமுறையில், நிபந்தனை ஒரு படிப்பையும் அதற்குப் பின்வரும் எழுத்தையும் வரிசைப்படுத்தும். ஒரு படிப்பையும் இன்னொரு படிப்பையும் வரிசைப்படுத்தாது.

எனவே எடுக்கும் பக்கத்தில் தலையை 'அக்கொயர்' முறையில் (பின்வரும் படிப்புகள் இதை முந்த முடியாது) படியுங்கள். வாலுக்கும் இதே இணை வேண்டும். இல்லாவிட்டால் எடுப்பவர் படித்து முடிக்கும் முன் போடுபவர் அந்தக் கட்டத்தின் மேல் எழுதிவிடலாம். எக்ஸ்86-இல் இவை சாதாரணப் படிப்பு, எழுத்தாகவே மொழிமாறும். கம்பைலரின் கை மட்டும் கட்டப்படும். அச்சிடும் வரி பிழையை மறைத்ததற்கும் காரணம் கிட்டத்தட்ட இதுதான்: அச்சிடும்போது உள்ளே ஒரு பூட்டு எடுக்கப்படுகிறது, அது நினைவக வரிசையையும் ஒழுங்காக்கிவிடுகிறது.

அதிர்வுமானி எழுதியது:

மாற்றிப் பதினொரு நாள் ஆகிறது, ஒரு பிழைகூட இல்லை. மனம் நிறைந்த நன்றி. ஆனால் ஒரு கேள்வி உறுத்துகிறது. இவ்வளவு நுட்பமான பொறுப்பை நிரல் எழுதுபவன் தலையில் வைப்பானேன்? சிப்பையே இதற்கு ஏற்றபடி வடிவமைக்கக் கூடாதா?

மின்தறி எழுதியது:

கூடும். நான் மேற்படிப்பில் இதைத்தான் படித்தேன்.

எல்லாக் கோர்களின் செயல்களும் ஒரே வரிசையில் நடந்ததுபோல் தோன்றவேண்டும் என்ற வரையறையை லெஸ்லி லாம்போர்ட் 1979-லேயே எழுதிவிட்டார். அதை அப்படியே காப்பாற்றினால் வேகம் குறையும் என்றுதான் சிப் செய்பவர்கள் தளர்த்தினார்கள். ஆனால் ஆப்பிளின் எம்1, ஆர்ம் சிப்பாக இருந்தும் எக்ஸ்86-இன் வரிசை ஒழுங்கைக் கடைப்பிடிக்கும் ஒரு முறையையும் கொண்டிருக்கிறது. எக்ஸ்86 நிரல்களை ரொசெட்டா 2 என்ற மொழிமாற்றும் மென்பொருள் வழியாக ஓட்டும்போது அது பயன்படுகிறது. ரிஸ்க்-வி என்ற மற்றொரு செயலி அமைப்பிலும் இதற்கென ஒரு விருப்ப நீட்டிப்பு உண்டு.

இன்னொரு வழி, பூட்டுக்குப் பதிலாக ஒரு தொகுதி வேலையை 'முழுதாக நடக்கும், அல்லது நடக்கவே நடக்காது' என்று சிப்பிடம் ஒப்படைப்பது. மாரிஸ் ஹெர்லிஹியும் எலியட் மாஸும் 1993-இல் முன்வைத்தார்கள். இன்டெல் 2013-இல் ஹாஸ்வெல் சிப்களில் கொண்டுவந்தது. 2014 ஆகஸ்டில் அதிலேயே பிழை கண்டுபிடிக்கப்பட்டு, மைக்ரோகோடு (சிப்பின் உள் நிரல்) வழியாக முடக்கப்பட்டது.

என் மனத்துக்கு மிக நெருக்கமானது 2009-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜோசப் டெவியெட்டி, பிராண்டன் லூசியா, லூயிஸ் செசே, மார்க் ஆஸ்கின் வெளியிட்ட டிஎம்பி வடிவமைப்பு. ஒரே உள்ளீடு கொடுத்தால் கோர்களுக்கு இடையிலான பரிமாற்றம் ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் நடக்கும். அதன் எளிய வடிவத்தில், ஒரு டோக்கன் கோர் கோராகச் சுற்றும். அது கையில் உள்ள கோர் குறிப்பிட்ட எண்ணிக்கை கட்டளைகளை ஓட்டிவிட்டு அடுத்ததிடம் தரும். அப்படியே விட்டால் ஒரு கோர் போன்ற வேகம்தான் கிடைக்கும். ஆகவே எந்தத் தரவு யாருக்குச் சொந்தம் என்று சிப் கணக்கு வைத்து, பகிரும் தரவைத் தொடும்போது மட்டும் டோக்கனுக்காகக் காத்திருக்கச் செய்தார்கள்.

பிழையே வராமல் இது தடுக்காது. ஆனால் வந்தால் ஒவ்வொரு முறையும் வரும். உங்கள் மூன்று வாரத்தை எண்ணிப் பாருங்கள். பிழையை அரிதாக்கும் சிப்பைவிட, பிழையைத் தவறாமல் காட்டும் சிப்தான் நமக்கு வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்த அந்தக் கட்டத்தில் நீங்கள் சோதனையை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வருத்தம் என்னவென்றால், டிஎம்பி ஆய்வு நிலையிலேயே நின்றுவிட்டது.

அதுவரை, நிரலை த்ரெட்சானிடைசர் என்ற சோதனைக் கருவி சேர்த்து மொழிமாற்றி ஓட்டுங்கள். வேகம் 5 முதல் 15 மடங்கு குறையும். ஆனால் எக்ஸ்86 மடிக்கணினியிலேயே, பிழை வெளிப்படாத ஓட்டத்திலும், ஒழுங்கில்லாத பகிர்வைக் காட்டிவிடும்.

அதிர்வுமானி எழுதியது:

ஓட்டினேன். வட்ட வரிசை சுத்தமாக இருக்கிறது. ஆனால் நான் எண்ணிப் பார்க்காத ஓரிடத்தைக் காட்டியது: தவறவிட்ட அளவீடுகளின் எண்ணிக்கையை இரண்டு த்ரெட்டுகளும் கூட்டுகின்றன, பாதுகாப்பே இல்லாமல். இதற்கும் ரிலீஸ், அக்கொயர் வேண்டுமா?

பழைய பொறியாளர் எழுதியது:

வேண்டாம். அந்த எண்ணை நம்பி வேறு எந்தத் தரவையும் நீங்கள் படிப்பதில்லை என்றால், வரிசைக் கட்டுப்பாடு இல்லாத 'ரிலாக்ஸ்டு' அட்டாமிக் கூட்டலே போதும். இரண்டு த்ரெட்டும் ஒரே நேரத்தில் கூட்டினால் ஒரு கூட்டல் தொலைந்துபோகலாம், எனவே இதுவரை பதிவான அந்த எண்ணிக்கைகளை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள்; எக்ஸ்86-இல் ஓடிய இரண்டு ஆண்டுகளின் எண்ணிக்கையையும் சேர்த்தே சொல்கிறேன்.