அலை உடையாத இடத்தில் கடல் இழுத்துப் பார்த்திருக்கிறீர்களா?

உப்புக்காற்று:
ரிப் நீரோட்டம், அதாவது கரையோரத்திலிருந்து கடலுக்குள் இழுத்துப்போகும் குறுகலான நீரோட்டம், என்னவென்று இங்கே எல்லாருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு பக்கமும் அலை உடைந்து ஒரே நுரை. நடுவில் ஒரு பட்டை மட்டும் கரும்பச்சையாக, அலையே இல்லாமல் கிடந்தது. பக்கத்தில் வந்த ஒரு குடும்பம், அமைதியாக இருக்கிறதே என்று அதில்தான் இறங்கியது. பையனின் பந்து தண்ணீரில் விழுந்தது. காற்று கடலிலிருந்து கரைப்பக்கம் அடிக்கிறது, பந்தோ காற்றை எதிர்த்துக் கடலுக்குள் போகிறது. ஓடிப் பிடிக்கக் கிளம்பியவனை அப்பா சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்தப் பந்து போன திசையை என்னால் மறக்க முடியவில்லை.

வெறுங்கால்:
பந்தை விடுங்கள், என்னை அடியில் இழுத்தது. காலுக்குக் கீழே மணல் சரசரவென்று ஓடியது, அடுத்த நொடி தலைக்கு மேல் தண்ணீர். ரிப் ஆளை உள்ளே அமுக்கும் என்று சொல்வது சும்மா இல்லை.

மணல்திட்டு:
வெறுங்கால், உங்களுக்கு நடந்தது வேறு. உடைந்த அலை சரிவில் திரும்பி ஓடும்போது காலை வாரும், அடுத்த அலை மேலே விழும். ரிப் யாரையும் அடியில் அமுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். அலை உடைகிற இடங்களில் கரையோர நீர்மட்டம் கொஞ்சம் உயர்கிறது. மணல்திட்டுக்கு நடுவே பள்ளமான வாய்க்கால் இருந்தால் அங்கே அலை அவ்வளவாக உடையாது, மட்டமும் தாழ்ந்திருக்கும். இரு பக்கத்துத் தண்ணீரும் கரையை ஒட்டி அங்கே ஓடிவந்து, அந்த வழியாகக் கடலுக்குத் திரும்பும். அமைதியாகத் தெரிகிற பட்டை அதுதான். நான் ஒருமுறை குன்றின் மேலிருந்து பார்த்தேன்: கலங்கிய மணல்நீர் அலைவரிசையைத் தாண்டிப் போய்க் காளான் குடை போல விரிந்தது. கீழே நின்றவர்களுக்கு அது தெரியவே இல்லை.

நீந்தும்ஆமை:
எனக்கும் ஒருமுறை ஆனது, பக்கவாட்டில் நீந்தி வந்துவிட்டேன், அவ்வளவுதான். ஆனால் இதைப் படிப்பவர்களுக்காகச் சில விஷயம். கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடவே போடாதீர்கள். 50 மீட்டரை 21 நொடியில் கடக்கிற ஒலிம்பிக் வீரரின் வேகமே நொடிக்குச் சுமார் 2.4 மீட்டர்தான், வலுவான ரிப் 2 மீட்டரைத் தாண்டும். சாதாரண ரிப் அரை மீட்டர்தான், ஆனால் பயந்துபோன ஆளுக்கு அதுவே அதிகம். நீர் வற்றும் நேரத்தில் திட்டுகள் மேலே வருவதால் இழுப்பு பெரும்பாலும் கூடும். வானம் தெளிவாக இருக்கிறது என்று நம்பாதீர்கள்: எங்கோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் புயல் கிளப்பிய நீண்ட அலைகள் சில நாள் கழித்து வெயில் அடிக்கிற கரையில் வந்து உடையும். இறங்குவதற்கு முன் கொஞ்ச நேரம் உயரமான இடத்தில் நின்று பாருங்கள். ஒருவர் மாட்டிக்கொண்டால் மிதப்பது எதையாவது வீசுங்கள், வெறுங்கையோடு பின்னால் குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவர் மூழ்கிவிட, மாட்டியவர் தப்பி வந்த கதைகள் நிறைய. அப்புறம், பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியும் என்று...

கல்லணைப்பு:
ஆமை, யோசனை யாரும் கேட்கவில்லை, சரி, சொன்னதற்கே வருகிறேன். பக்கவாட்டில் என்றால் எந்தப் பக்கம்? என்னை இழுத்தது கடலுக்குள் நீட்டிய கல் தடுப்பை ஒட்டி. கரையோரமாக ஓடிவரும் நீர் அதில் முட்டி வெளியே திரும்புகிறது; மணல் வாய்க்கால் இடம் மாறும், இது மாறாது. ஒரு பக்கம் பாசி பிடித்த பாறை, அதில் அலை மோதித் தெறிக்கிறது. சும்மா மிதந்தால் ரிப் வட்டமடித்துத் திட்டுக்கே கொண்டுவந்து விடும் என்பார்கள். ஜிபிஎஸ் மிதவைகளை விட்டுப் பார்த்ததில் கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடா போன்ற இடங்களில் பெரும்பாலானவை அப்படித்தான் சுற்றின. எல்லாக் கரையிலும் சுற்றாது. தடுப்பை ஒட்டிய இழுப்பில் நேராக வெளியே போவதுதான் அதிகம். பாறைக்கு எதிர்ப்பக்கம் நீந்தினேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. அங்கே வெளியே வர அந்த ஒரு பக்கம்தான் இருந்தது.