பச்சை ஒளியில் இயோசின்: மேலே ஆடை, கீழே தண்ணீர்

கேள்வி:
இயோசின் ஒய் சாயத்தைக் கொண்டு ஒளி பட்டால் இறுகும் ஹைட்ரோஜெல் (நீர் நிறைந்த மென்கூழ்) செய்ய முயல்கிறேன். பாலிஎத்திலீன் கிளைக்கால் டைஅக்ரிலேட் கரைசலில் 2 மில்லிமோலார் இயோசின், 200 மில்லிமோலார் ட்ரைஎத்தனாலமீன் என்ற அமீன். அமிலம் விட்டு பிஎச்-ஐ 6-க்குக் கொண்டுவந்தேன். 5 மில்லிமீட்டர் ஆழ அச்சில் ஊற்றி, கண்ணாடித் தகட்டால் மூடி, மேலிருந்து 20 நிமிடம் 525 நானோமீட்டர் பச்சை எல்.இ.டி. ஒளி காட்டினேன். தகட்டைத் தூக்கினால் பாலாடை போல ஒரு மெல்லிய தோல் அதில் ஒட்டிக்கொண்டு வருகிறது. கீழே கரைசல் அப்படியே இருக்கிறது. சாயம் போதவில்லை என்று இரட்டிப்பாக்கினேன். ஆடை இன்னும் மெலிந்ததுதான் மிச்சம். விளக்கு பழுதா?

பதில் 1:
விளக்கின் மேல் பழி போடாதீர்கள். சாயம் அளவுக்கு மீறிவிட்டது. இயோசினின் மோலார் உறிஞ்சல் கெழு (ஒளியை எவ்வளவு வலுவாக உறிஞ்சும் என்பதன் அளவு) 520 நானோமீட்டர் அருகே ஏறத்தாழ 1,00,000. கணக்குப் போட்டால், 2 மில்லிமோலாரில் ஒளியின் 90 விழுக்காடு முதல் 0.05 மில்லிமீட்டரிலேயே, அதாவது ஒரு தலைமுடியின் தடிமனுக்குள், தீர்ந்துபோகிறது. அடியில் கும்மிருட்டு. 0.01 மில்லிமோலார் வைத்துப் பாருங்கள். அப்போது அடிவரை மூன்றில் ஒரு பங்கு ஒளியாவது போய்ச் சேரும்.

பதில் 2:
அது சரி, பிஎச் 6 ஏன்? ஒளியால் கிளர்ந்த சாயம் அமீனிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கிறது. பிறகு புரோட்டானை இழந்த அமீனின் கார்பனில் உருவாகும் தனி உறுப்புதான் (இணை சேராத எலக்ட்ரான் கொண்ட துகள்) அக்ரிலேட் சங்கிலியைத் தொடங்கிவைக்கிறது. சாயத்தின் தனி உறுப்பு அதைச் செய்யாது. ட்ரைஎத்தனாலமீனின் பிகேஏ (பாதி மூலக்கூறுகள் புரோட்டானை ஏற்றிருக்கும் பிஎச்) 7.8 அளவில் இருப்பதால், பிஎச் 6-இல் பெரும்பாலானவை புரோட்டானை ஏற்றுவிடும்; நூற்றுக்கு இரண்டுகூட எலக்ட்ரான் தரும் நிலையில் இராது. 8-க்கு உயர்த்துங்கள். ஆனால் சாயம், பிஎச் இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். எது பலித்தது என்று பிறகு தெரியாது.

கேள்வி கேட்டவர்:
சொன்னபடி முதலில் சாயத்தை மட்டும் குறைத்தேன். சிவப்பாக இருந்த கரைசல் வெளிறிய இளஞ்சிவப்பாகிவிட்டது. இதில் என்ன நடக்கப்போகிறது என்றுதான் நினைத்தேன். 12 நிமிடத்தில் அடிவரை இறுகியது! பிஎச் 8-இல் அதே வேலை 4 நிமிடத்தில் முடிந்தது. கடைசி முறை தகட்டை வைக்க மறந்துவிட்டேன். மேற்பரப்பு மட்டும் பிசுபிசுவென்று இருக்கிறது.

பதில் 2:
அது ஆக்சிஜனின் வேலை. வளரும் சங்கிலியோடு சேர்ந்து பெராக்சி தனி உறுப்பாகிவிடும்; அது அக்ரிலேட்டோடு வினைபுரியச் சோம்பல்படும். கரைசலில் இருக்கும் ஆக்சிஜன் சீக்கிரம் செலவாகிவிடும், மேற்பரப்பிலோ காற்றிலிருந்து வந்துகொண்டே இருக்கும். நைட்ரஜனை ஓடவிடலாம். தகட்டை மறக்காமல் வைத்தாலே போதும்.