புதுப்பிப்பு: விட்டுவிடலாமா என்று கேட்ட முதல் ஆணழகன் போட்டி

போட்டிக்கு எட்டு வாரம் இருக்கும்போது, எடை இறங்கவில்லை, ஜிம்முக்குப் போகவே மனம் வரவில்லை, விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போன ஞாயிறு மாவட்டப் போட்டியில் 65 கிலோ பிரிவில் மேடை ஏறினேன். ஐந்தாம் இடம்.

கைகொடுத்தது ஒரு அண்ணன் சொன்ன யோசனைதான்: தினசரி எடையை விட்டுவிட்டு வாரச் சராசரியைப் பார், ஞாயிறு காலை அதே ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடு. முந்தின இரவு ஊறுகாய் கொஞ்சம் கூடினாலே மறுநாள் தராசு ஒரு கிலோ ஏறிக் காட்டும். அது கொழுப்பில்லை, நீர். சராசரி மட்டும் வாரம் அரை கிலோ இறங்கிக்கொண்டே இருந்தது. ஆறாவது படத்தில் தோளில் தசைக் கோடு தெரிந்தது. அப்புறம் யாரும் என்னைத் தள்ள வேண்டியிருக்கவில்லை. ஊக்கப் பேச்சு வீடியோக்கள் ஒரு நாளுக்கு மேல் தாங்கவில்லை.

எதிர்பாராதது போஸிங், அதாவது தசைகளை இறுக்கிக் காட்டி நிற்பது. வீட்டில் கண்ணாடி முன் தினம் 15 நிமிடம் பழகியும், மேடையில் தொடை நடுங்கி, பின்தொடை பிடித்துக்கொண்டது. கண்ணாடி இல்லாமலும் பழகியிருக்க வேண்டும்.

தசை எடுப்பாகத் தெரியும் என்று கடைசி நாள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தச் சொன்னவர்கள் மன்னிக்கவும், அதைச் செய்யவில்லை. போட்டி முடிந்த இரவு அம்மா வைத்த மீன்குழம்பும் சோறும். மறுநாள் தராசில் மூன்று கிலோ கூடுதல்.