இது ஹெலிகாப்டர்தான் என்று நம்பவைத்த நொடி: சிமுலேட்டர் அனுபவங்கள்

கோபாலபுரத்தான்:

டிசிஎஸ் என்ற கணினிச் சிமுலேட்டரின் ஹூயி ஹெலிகாப்டரைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். பத்தூமி ஓடுதளத்தின் ஓரத்தில் ஆளுயரத்தில் ஹோவரில், அதாவது அந்தரத்தில் அசையாமல், நின்றுகொண்டிருந்தபோது, வண்டியை ஏற்றி இறக்கும் நெம்புகோலான கலெக்டிவைத் தொடாமல், திசைக்குச் சாய்க்கும் குச்சியான சைக்ளிக்கை மட்டும் மிக மெல்ல முன்னால் சாய்த்தேன். தரைக்கும் தலைக்கு மேல் சுழலும் ரோட்டருக்கும் இடையே தாங்கிக்கொண்டிருந்த காற்றை விட்டு விலகியதும் வண்டி முதலில் சற்றுத் தாழ்ந்தது. வேகம் 20 நாட்டை (மணிக்கு ஏறத்தாழ 37 கி.மீ.) நெருங்கியபோது காக்பிட் முழுவதும் நடுங்கியது. நடுக்கம் அடங்கிய மறுகணம், நான் எதுவும் செய்யாமலேயே மூக்கு மேலே எழுந்து, உடல் வலப்பக்கம் சாய்ந்து, வண்டி ஏறத் தொடங்கியது. 16 முதல் 24 நாட் வேகத்துக்குள் ரோட்டர் தன் பழைய காற்றை விட்டுப் புதிய காற்றுக்குள் நுழைவதால் தூக்குவிசை கூடும் என்று எத்தனையோ முறை படித்திருந்தும், அது கைக்கு வந்து சேர்ந்தது அப்போதுதான். அதற்கு முன்பு வேறொரு சிமுலேட்டரில் நான் ஓட்டியவை இறக்கையில்லாத விமானங்களாகவே இருந்தன என்று இப்போது தோன்றுகிறது.

உங்களில் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு நொடி இருக்கும். எழுதுங்கள்.

செங்கோட்டை அண்ணாச்சி:

கோபாலபுரத்துத் தம்பி சொல்லும் நடுக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை வைத்து உண்மைத்தன்மையை அளக்கக் கூடாது. கேமராவை ஆட்டுவதும் ஸ்பீக்கரில் படபடவென ஒலியெழுப்புவதும் சிமுலேட்டரில் கூடுதலாகச் சேர்க்கும் எந்த ஆட்-ஆனுக்கும் எளிது. காற்றை அந்த மென்பொருள் கணக்கில் எடுத்துக்கொள்கிறதா என்பதே கேள்வி.

என் அனுபவம் எக்ஸ்-பிளேன் 12 சிமுலேட்டரில், விலைகொடுத்து வாங்கிய பெல் 412 ஹெலிகாப்டரில் நடந்தது. எங்கள் ஊருக்குச் சாரல் காலத்தில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று எப்படி வரும் என்பதைத் தென்காசிப் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைய உண்மை வானிலையை இறக்கிக்கொண்டு, புனலூர்ப் பக்கமிருந்து மலையைத் தாண்டி வந்து, இலஞ்சிக்கு அருகே ஒரு வயல்வெளியில் இறங்க முயன்றேன். கீழே நிலம் மெதுவாகப் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்ததால் வண்டிக்கு முன்னோட்டம் இருப்பதாகவே கண் சொல்லியது. ஆனால் காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து ஏறத்தாழ அதே வேகத்தில் வந்துகொண்டிருந்தது. அதாவது, காற்றைப் பொறுத்தவரை வண்டி அசையாமல் செங்குத்தாக இறங்கிக்கொண்டிருந்தது. இறங்குவேகம் நிமிடத்துக்கு 300 அடியைத் தாண்டியதும் மூக்கு அங்குமிங்கும் அலையத் தொடங்கியது. கலெக்டிவைக் கூட்டினேன். எவனுக்கும் முதலில் தோன்றுவது அதுதான். கூட்டக் கூட்ட இறங்குவேகமானியின் முள் இன்னும் கீழே போனது. தான் கீழே தள்ளிய காற்றையே ரோட்டர் மறுபடியும் மறுபடியும் குடித்துக்கொண்டிருக்கும்போது, அதற்கு இன்னும் சக்தி கொடுப்பது அந்தச் சுழலுக்குத்தான் தீனி போடும். அந்த முள் தலைகீழாக நடந்துகொண்ட காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

சைக்ளிக்கை முன்னால் தள்ளி, அந்தக் காற்றுக்குழியைவிட்டு நகர்ந்த பிறகுதான் வண்டி மீண்டது; உயரம் மிச்சமிருந்தது நல்லதாயிற்று. சுவிட்சர்லாந்து விமானி கிளாட் வுய்ச்சார்ட் பெயரால் அழைக்கப்படும் இன்னொரு முறையும் உண்டு. பெல் போன்ற, மேலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாகச் சுழலும் ரோட்டர் உள்ள வண்டிகளில் கலெக்டிவை ஏற்றி, வால் ரோட்டரைக் கட்டுப்படுத்தும் கால் பெடல்களில் இடப் பெடலால் மூக்கை நேராக வைத்து, சைக்ளிக்கை வலப்பக்கம் சாய்க்க வேண்டும். வால் ரோட்டரின் தள்ளலும் அந்தச் சாய்வும் சேர்ந்து வண்டியைச் சுழலின் ஓரத்துக்குக் கொண்டுபோய்விடுவதால் உயர இழப்பு 50 அடிக்குள் நின்றுவிடும். உங்கள் ஆட்-ஆன் நல்லதா என்று அறிய வேண்டுமானால் இதைச் செய்துபாருங்கள். நடுக்கம் மட்டும் காட்டி, கலெக்டிவைக் கூட்டியதும் சமர்த்தாக மேலே ஏறிவிடும் வண்டிகளும் சந்தையில் இருக்கின்றன.

கம்பத்துக்காரன்:

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் நீண்ட காலம் ஹூயி ஓட்டிவிட்டு ரஷ்ய மி-8க்கு மாறியவன். துணை எஞ்சினை இயக்கி, அதன் காற்றால் இரண்டு பெரிய எஞ்சின்களையும் ஒவ்வொன்றாக எழுப்பும் சடங்கு முழுவதையும் பட்டியலைப் பார்த்துச் சரியாகவே முடித்தேன். கலெக்டிவை உயர்த்தியதும் பழக்கத்தால் இடக்கால் தானாக அழுந்தியது. வண்டி இருந்த இடத்திலேயே சுழன்று, வால் பக்கத்தில் நின்ற எரிபொருள் லாரியை ஒரு சாண் இடைவெளியில் தவறவிட்டது. ரஷ்ய, பிரெஞ்சு ரோட்டர்கள் எதிர்த்திசையில் சுழல்பவை என்பதை மூளை அறிந்திருந்தது. கால் அறிந்திருக்கவில்லை. அந்தக் கால் இன்றும் சில நாட்களில் குழம்புகிறது என்பதுதான் என் குறை. பிரெஞ்சு வண்டிகளான கெஸெல்லும் காப்ரியும் ஓட்டுபவர்களுக்கும் இது உண்டா?

களியக்காவிளை எலெக்ட்ரானிக்ஸ்:

உண்டு. காப்ரி ஜி2வும் வலஞ்சுழிதான்; வலப் பெடலைத்தான் தேடும்.

என் கதை ஆர்22 என்ற சிறிய ஹெலிகாப்டர். எக்ஸ்-பிளேனில் எஞ்சினை எதிர்பாராத நேரத்தில் நிற்கும்படி அமைத்துவிட்டு, பாறசாலைக்கு மேலே பறந்துகொண்டிருந்தேன். சத்தம் நின்றது, மூக்கு இடப்பக்கம் வெட்டியது, எச்சரிக்கை ஊதல் அலறியது. மூன்றும் ஒன்றாகவே நடந்தன. கலெக்டிவைக் கீழே அழுத்துவதற்குள் ரோட்டரின் முள் பச்சைப் பகுதியைவிட்டு வெகுதூரம் போயிருந்தது. இலேசான ரோட்டர் என்பதால் அதில் சேமித்துவைத்த சுழற்சி ஒரு மூச்சு நேரத்துக்குக்கூட வராது. சுழற்சி 80 சதவீதத்தோடு ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஒரு சதவீதம் சேர்த்த அளவுக்குக் கீழே போய்விட்டால் ரோட்டர் மீளாது என்று தயாரிப்பாளரின் கையேடே எச்சரிக்கிறது. அன்று பிழைத்தேன், 65 நாட்டில் சறுக்கி வந்து ஒரு ரப்பர்த் தோட்டத்தின் ஓரத்தில் இறங்கினேன். கதை அவ்வளவுதான்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நீங்கள் எல்லோரும் மென்பொருளைப் பற்றியே பேசுகிறீர்கள். கையில் இருக்கும் கருவியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஸ்பிரிங்கால் நடுவுக்குத் திரும்பும் ஜாய்ஸ்டிக்கை வைத்துக்கொண்டு எவ்வளவு விலையுயர்ந்த ஆட்-ஆனை வாங்கினாலும், நீங்கள் பாதி நேரம் அந்த ஸ்பிரிங்கோடுதான் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஹோவரில் சைக்ளிக் நடுவில் இருப்பதில்லை. வால் ரோட்டர் வண்டியை வலப்பக்கம் தள்ளுவதால் அமெரிக்க வண்டிகளில் அது சற்று இடப்பக்கமே நிற்கும். அந்தச் சிறு விலகலில் ஸ்பிரிங் உங்கள் விரலை இழுத்துக்கொண்டே இருக்கும். நீங்களோ வண்டி ஆடுகிறது என்று நினைப்பீர்கள். முடிந்தால் ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள். அதற்கு மனம் வராவிட்டால் டிசிஎஸ் அமைப்புகளில் டிரிம் செய்த (குச்சி இருக்கும் நிலையைப் பொத்தானால் பதித்த) பிறகு குச்சி நடுவுக்குத் திரும்பும்வரை உள்ளீட்டை ஏற்காதிருக்கும் தேர்வை இயக்குங்கள்.

கலெக்டிவுக்குக் கடைக்குப் போக வேண்டாம். அரை அங்குல பிவிசி குழாய், ஒரு கதவுக் கீல், 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர், ஆர்டுயினோ புரோ மைக்ரோ ஆகியவை போதும். அந்தச் சிறிய மின்சுற்றுப் பலகையில் ஜாய்ஸ்டிக் நிரலை ஏற்றினால் கணினி அதை ஜாய்ஸ்டிக்காகவே அடையாளம் கண்டுகொள்ளும்; 1,024 படிகள் கிடைக்கும், கலெக்டிவுக்கு அது தாராளம். பொட்டென்ஷியோமீட்டரில் தூசி புகுந்து முள் துள்ளத் தொடங்கினால் ஹால் சென்சாருக்கும் ஒரு சிறு காந்தத்துக்கும் மாறுங்கள். எங்கள் கடலோரத்து உப்புக் காற்றில் அது விரைவிலேயே துள்ளும். பொள்ளாச்சிப் பக்கம் சற்றுத் தாமதமாகத் துள்ளும். குழாயைத் தொடைக்கு இடப்பக்கம், இருக்கையின் உயரத்துக்குக் கீழே பொருத்துங்கள். மேசைமேல் பொருத்தினால் தோள்தான் வேலை செய்யும், மணிக்கட்டுக்கு வேலையே இருக்காது.

விமானத் த்ராட்டிலைக் கலெக்டிவாகப் பயன்படுத்துகிறவர்கள் அச்சைத் தலைகீழாக்குங்கள். தன்பக்கம் இழுத்தால் ஏற வேண்டும், முன்னால் தள்ளினால் இறங்க வேண்டும். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் உண்மையான கலெக்டிவ் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை ஒருமுறை படத்திலாவது பார்த்துவிட்டு வாருங்கள்.

செங்கோட்டை அண்ணாச்சி:

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. கலெக்டிவ் மேலும் கீழும் நகர்கிறதே தவிர முன்னும் பின்னும் நகர்வதில்லை. ஒரே மேசையில் காலையில் விமானமும் மாலையில் ஹெலிகாப்டரும் ஓட்டுகிற என் போன்றவர்களுக்கு, அவசரத்தில் கை எந்தப் பக்கம் போகும் என்பதே முக்கியம். முன்னால் தள்ளினால் சக்தி என்று கை பல ஆண்டுகளாகக் கற்றிருக்கும்போது, அதை மாற்றுவதால் வரும் இலாபத்தைவிட ஆபத்து அதிகம். கம்பத்துத் தம்பியின் காலுக்கு நேர்ந்தது என் கைக்கு நேர வேண்டுமா?

வேலந்தாவளம்:

எழுதலாமா வேண்டாமா என்று நெடுநேரம் யோசித்தேன். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் எச்145 ஹெலிகாப்டரை எடுத்துக்கொண்டு சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் பறந்தேன். 2021 டிசம்பர் 8ஆம் தேதி அந்த வழியில் போன விமானப்படை ஹெலிகாப்டர் மி-17வி5 என்ன ஆயிற்று என்பது எல்லோருக்கும் தெரியும். சூலூரிலிருந்து எழும் ஹெலிகாப்டர்களின் ஒலியைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அது தொலைதூரச் செய்தி அல்ல. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் மேகத்துக்குள் நுழைந்து, விமானிக்குத் திசையுணர்வு குழம்பி, கட்டுப்பாட்டில் இருந்த வண்டியே மலையில் மோதியது என்று விசாரணை முடிவு வந்தது.

நான் தானியங்கிப் பறப்பை அணைத்துவிட்டு, கல்லாற்றிலிருந்து மலை ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். குன்னூருக்குச் சற்று முன்னால் மேகம். முதலில் வலப்பக்க மலை மறைந்தது, பிறகு பாதை மறைந்தது, பிறகு கண்ணாடி முழுவதும் வெண்மையாகிவிட்டது. எஞ்சின் ஒலியிலோ கருவிகளிலோ எந்த மாற்றமும் இல்லை. செயற்கை அடிவான மானியைப் பார்த்தபடி திரும்பி வந்துவிட்டேன்.

என்னை உறுத்துவது, நான் அவ்வளவு எளிதாகத் திரும்பி வந்ததுதான். உண்மையான மேகத்துக்குள் காதின் உள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லும். வண்டி சாய்ந்திருக்கும்போது நேராக இருப்பதாகவும், நேராக்கிய பிறகு எதிர்ப்பக்கம் சாய்வதாகவும் உடம்பு அடித்துச் சொல்லும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்தப் பொய் வரவில்லை, கண் மறைந்தது மட்டுமே நடந்தது. ஆகவே இந்த ஒரு விஷயத்தில் எவ்வளவு சிறந்த ஆட்-ஆனும் மேகத்தை உள்ளதைவிடச் சாதுவானதாகவே காட்டும் என்பது என் முடிவு.

கோபாலபுரத்தான்:

நண்பரே, தொழில்நுட்பமாக நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்த 14 பேரில் ஒருவரும் மிஞ்சாத வழியை வீட்டில் உட்கார்ந்து ஓட்டிப்பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. மேகத்தில் பழக வால்பாறை மலையும் நெல்லியாம்பதியும் இருக்கின்றன.

வேலந்தாவளம்:

உங்கள் மனம் புரிகிறது. வேடிக்கைக்காக ஓட்டவில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

சித்தூர் டீச்சர் (பாலக்காட்டுச் சித்தூர்):

வேலந்தாவளத்துக்காரர் ஓட்டியதில் தவறில்லை என்பது என் எண்ணம். நானும் ஏறத்தாழ அப்படிப்பட்ட ஒன்றைத்தான் செய்தேன். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சாலக்குடியில் ஒரு வீட்டுக் கூரைமேல் கடற்படையின் சீ கிங் சக்கரத்தைத் தொட்டும் தொடாமலும் நின்று ஆட்களை ஏற்றிய காட்சியை நாங்கள் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பார்த்தோம். அது எவ்வளவு கடினம் என்று அறியும் ஆசையில், எச்145இன் மீட்புக் கயிற்றை வைத்து, ஒரு மொட்டைமாடிக்கு மேலே நின்றுபார்த்தேன்.

வண்டிக்கு நேர் கீழே இருப்பது விமானிக்குத் தெரியவே தெரியாது. கீழே பார்க்கத் தலையைத் திருப்பிய நொடியில் அடிவானம் கண்ணிலிருந்து போய்விடுகிறது, வண்டியும் நகர்ந்துவிடுகிறது. தூரத்தில் ஒரு தென்னையைப் பிடித்துக்கொண்டு அதை அசையாமல் வைத்திருந்தால் மட்டுமே வண்டி நிற்கிறது. அப்போது கயிறு எங்கே தொங்குகிறது என்று தெரியாது. உண்மையில் கதவருகே படுத்திருக்கும் குழுவினர் ஒருவர் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். எங்கள் வீட்டில் அந்த வேலையை என் கணவர் செய்தார். வெளிப்புறப் பார்வையை இன்னொரு திரையில் வைத்துக்கொண்டு, "கொறச்சு இடத்தோட்டு, இனியும் கொறச்சு, நிக்கட்டே" (கொஞ்சம் இடப்பக்கம், இன்னும் கொஞ்சம், நிற்கட்டும்) என்று அவர் மலையாளத்தில் சொல்லச் சொல்ல, நான் தென்னையைவிட்டுக் கண்ணெடுக்காமல் விரல்நுனியால் மட்டும் நகர்த்தினேன். கயிறு மாடியின் நடுவில் இறங்கியது. பறப்பது ஒருவருடைய வேலை அல்ல என்று எனக்குப் பட்டது அப்போதுதான்.

களியக்காவிளை அண்ணாச்சிக்கு ஒரு வார்த்தை: நான் ஸ்பிரிங் உள்ள சாதாரணக் குச்சியில்தான் இதைச் செய்தேன்.

களியக்காவிளை எலெக்ட்ரானிக்ஸ்:

டீச்சர், வாழ்த்துகள். ஸ்பிரிங் இல்லாவிட்டால் உங்கள் கணவருக்குத் தொண்டை இவ்வளவு வலித்திருக்காது.

புதிதாக வருகிறவர்களுக்கு இன்னொன்று. டிசிஎஸ்ஸில் பெரும்பாலான வண்டிகளை 14 நாட்கள் இலவசமாக ஓட்டிப்பார்க்கலாம். தள்ளுபடிக் காலத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அதைச் செய்யுங்கள். செங்கோட்டை அண்ணாச்சி சொன்ன சுழல் சோதனையையும், என் எஞ்சின் நிறுத்தச் சோதனையையும் அந்த நாட்களுக்குள் முடித்துவிடுங்கள். காக்பிட்டின் கீறல்களையும் தூசியையும் ரசிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கம்பத்துக்காரன்:

களியக்காவிளை அண்ணாச்சி சொல்படி நேற்று ஸ்பிரிங்கைக் கழற்றினேன். ஹோவர் அமைதியாகிவிட்டது, ஆனால் கையை எடுத்தால் குச்சி அப்படியே ஒரு பக்கம் விழுந்துவிடுகிறது. ரேடியோ பொத்தானைத் தொடக்கூட முடியவில்லை. இதற்கு என்ன வழி?

களியக்காவிளை எலெக்ட்ரானிக்ஸ்:

கீழே குழியில் ஒரு ரப்பர் வாஷரைப் போட்டுத் திருகை அரைச் சுற்று இறுக்குங்கள். உராய்வே பிடித்துக்கொள்ளும். கிரீஸ் வைத்திருந்தால் முதலில் அதைத் துடைத்துவிடுங்கள்.